ரசீதின் பின்பக்கம்

ஆறேகாலுக்கு இங்கே இன்னும் இரவுதான்.
எட்டாங்கட்டை பிளாட்டின் கீழே
வேனை நிறுத்தி மூன்று முறை ஹாரன் அடிப்பேன்.
பதினோரு பிள்ளைகள்
தூக்கத்தையும் தூக்கிக்கொண்டு ஏறுவார்கள்.
சர்வின் மட்டும் கடைசியாக ஓடி வருவான்,
பொத்தான் போட்டுக்கொண்டே.
அது போன வருடம்.

இந்த வருடம் அவன் காலில் புதுச் சப்பாத்து.
கறுப்புதான், பள்ளியில் திட்ட முடியாது,
ஆனால் அடிப்பாகம் ஆரஞ்சு.
அந்த விலைக்கு என் வேனுக்கு
இரண்டு டயர் மாற்றியிருப்பேன்.
யார் வாங்கிக் கொடுத்தது?
‘அண்ணே’ என்றான்.

அவனுக்கு அண்ணன் கிடையாது.
அம்மா மட்டும், கையுறை ஆலையில் இரவு ஷிப்ட்.
அவள் வந்து பூட்டைத் திறக்கும்போது
இவன் போய் ஒன்றரை மணி நேரம் ஆகியிருக்கும்.

பிறகு இரண்டாவது போன்.
பிறகு பின்சீட்டில் தூக்கம்.
பிறகு என் மூன்று ஹாரனுக்கும்
நான்காம் மாடி நாய் மட்டும் பதில் சொன்னது.

ஒருநாள் பெட்ரோல் நிலையத்துக்குப் பின்னால்,
செம்பனைக் குலை லாரிகள் வரிசையாக நிற்குமிடத்தில்
பார்த்தேன் அவனை, சீருடையில்.
அந்தச் சீருடைதான் அவர்களுக்கு வேண்டியிருந்தது.
சாலைத் தடுப்பில் எவரும் திறந்து பார்க்காத
புத்தகப் பை.

பார்த்துவிட்டு கியரை மாற்றினேன்.
இதையும் சொல்லித்தான் ஆகவேண்டும்:
வேன் பணம் மூன்று மாதப் பாக்கி,
எனக்கு அன்றைக்கு வந்த கோபம் அதற்காக.

ஜூலையில் ஒரு திங்கட்கிழமை
முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தான்.
இடது முழங்கைக்குக் கீழே
சிகரெட் முனை அளவில் மூன்று வட்டம்.
‘அக்கா, ஒரு கணக்கு வரல’ என்றான்.

வேனை ஓரம் கட்டி
ரசீதுப் புத்தகத்தைத் திருப்பி
அவன் சொல்லச் சொல்ல எழுதினேன்.
பொட்டலம் ஒன்று, இரண்டாயிரத்து நானூறு வெள்ளி.
ரப்பர் காட்டுக் குறுக்குவழியில்
ஹெல்மெட் கழற்றாத இரண்டு பேர் பிடுங்கிப் போனது.
வட்டி, வாரம் முந்நூறு.
ஒரு ஓட்டத்துக்குக் கூலி முப்பது.
பத்து ஓட்டம் ஓடினால் வட்டி தீரும்.
அசல் அசையாமல் உட்கார்ந்திருக்கும்.
சப்பாத்தையும் போனையும்
அதன்மேல் ஏற்றி வைத்திருக்கிறார்கள்.

இந்த ஊருக்கு இது புதுக் கணக்கில்லை.
தோட்டத்துக் கடை நோட்டில் எழுதிய கை வேறு,
கூட்டல் இதேதான்.

‘அந்த வழியா நீ வர்றது யாருக்குடா தெரியும்?’
‘அண்ணனுக்கு மட்டுந்தான்.’
சொன்னது அவன் காதுக்கே போய்ச் சேர்வதற்குள்
நாங்கள் சுராவைத் தாண்டியிருந்தோம்,
மரம் அறுக்கும் மில்லையும்.

பாலாய்க்குப் போகலாமா என்றேன்.
‘சாமான் யார் கையில இருந்துச்சுன்னுதான் கேப்பாங்க.
என் கையிலதான் இருந்துச்சு.’
இரண்டாம் படிவத்துக்குச் சட்டம்
இவ்வளவு மனப்பாடம்.
சொல்லிக் கொடுத்தது எந்த வாத்தியார் என்று
நான் கேட்கவில்லை.

அப்போதுதான் பின்னாலிருந்து
நான்காம் ஆண்டுக் கவினேஷ் கழுத்தை நீட்டினான்.
‘அண்ணே, இந்தச் சப்பாத்து
எங்க வாங்குனீங்க, அண்ணே?’

சர்வின் திரும்பவில்லை.
இரண்டு கால்களையும் மெல்ல
சீட்டுக்கு அடியில் இழுத்துக்கொண்டான்.

தமிழ்ப்பள்ளி வாசலில் ஆறு பேர் இறங்கினார்கள்.
இடைநிலைப்பள்ளி வாசலில் நால்வர்.
அவன் இறங்கவில்லை,
இறங்கு என்று நானும் சொல்லவில்லை.

கண்ணாடியில் ஒரு வெள்ளை மைவி.
இந்த ஊரில் எல்லாமே வெள்ளை மைவிதான்,
இருந்தாலும் பார்த்துக்கொண்டே ஓட்டுகிறேன்.
ஏழரைக்கு ஆலைக் கேட் திறக்கும்.
அவன் அம்மாவையும் ஏற்றிக்கொண்டு
மூன்று பேராகப் போவோம்.

ரசீதை மேசையில் வைப்பேன்.
பின்பக்கம் அவன் கடன், என் கையெழுத்தில்.
திருப்பினால் முன்பக்கம்
என் பெயர், என் போன் நம்பர், வேன் நம்பர்,
எல்லாம் அச்சில், பெரிய எழுத்தில்.
யாருக்கு வேண்டுமானாலும்
நன்றாகத் தெரியும்.